சின்னப் பட்டறைக்கு யார் சுட்டி கொடுப்பார்கள்?

சொந்தத் தொழிலுக்கு ஒரு வலைத்தளம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த அழைப்பு ஒருநாள் வந்தே தீரும். "சார், உங்க வெப்சைட் கூகுள்ல மூணாவது பக்கத்துல கிடக்கு. 500 பேக்லிங்க் போட்டுத் தர்றோம், மூணே மாசத்துல முதல் பக்கம்." கோவையில் கிரைண்டர் பட்டறை நடத்தும் என் உறவினர் ஒருவர், இதே மாதிரி வந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பி "இத வாங்கலாமா மாப்ளே?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று விளக்கப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் சுட்டிக்கு ஏன் விலை வந்தது என்று பார்த்துவிடுவோம். இன்னொரு தளம் தன் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, அதைத் தட்டினால் உங்களிடம் வந்து சேரும்படி செய்தால், அது உங்களுக்குக் கிடைத்த ஒரு சுட்டி. ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-இல் தங்கள் தேடுபொறியை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், அதை யார் யார் சுட்டுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம் என்பது அதில் முக்கியமான யோசனை. பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். வேர் இன்னும் பழையது. ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்ட் 1960-களிலேயே கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் பேஜ்ரேங்கில் எல்லா ஓட்டும் சமம் கிடையாது. நம்ம ஊரில் சம்பந்தம் பேசும்போது நடப்பதுதான். மாப்பிள்ளைப் பையனைப் பற்றித் தெருவே "தங்கமான பையன்" என்று சொன்னாலும், பெண் வீட்டார் காது கொடுப்பது தங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆள் சொல்வதற்குத்தான். அந்த ஆளும் பார்க்கிற பையனையெல்லாம் தங்கம் என்கிறவராக இருந்தால் அவர் பேச்சும் எடுபடாது. சொல்பவருக்கு எவ்வளவு மதிப்பு, அவர் எத்தனை பேருக்கு அதே சிபாரிசைச் செய்கிறார், இந்த இரண்டும்தான் சூத்திரத்திலும் வருகின்றன.

சூத்திரத்தைப் பேச்சுத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். உங்களைச் சுட்டும் ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும், அந்தப் பக்கத்திலிருந்து வெளியே போகும் சுட்டிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வந்ததையெல்லாம் கூட்டி 0.85-ஆல் பெருக்குங்கள். 0.15 சேருங்கள். அதுதான் உங்கள் பக்கத்தின் மதிப்பு. வலையில் சுட்டி சுட்டியாகத் தட்டிக்கொண்டே போகும் ஒருவர், நூற்றுக்குப் பதினைந்து தடவை அலுத்துப்போய் வேறு எங்கோ குதித்துவிடுவார் என்ற அனுமானம்தான் 0.85. யாருமே சுட்டாத பக்கத்துக்கு மதிப்பு 0.15. எல்லாப் பக்கங்களின் சராசரி ஏறத்தாழ 1.

இப்போது அந்த 500 பேக்லிங்கை இதில் போட்டுப் பார்ப்போம். சுட்டி விற்பவரின் பக்கங்களை வேறு யாரும் சுட்டுவதில்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் மதிப்பு 0.15. அவர் உங்களுக்கு மட்டும் விற்பதில்லை. பக்கத்துக்கு 100 வாடிக்கையாளர் என்று வைப்போம். ஒரு பக்கத்திலிருந்து உங்களுக்கு வருவது 0.85 × 0.15 ÷ 100, அதாவது 0.001275. ஐந்நூறு பக்கங்களும் சேர்ந்தால் 0.6375.

இன்னொரு பக்கம், உங்கள் தொழில் சங்கத்தின் தளம் இருக்கிறது. நாலு பேர் மதிக்கும் தளம், சராசரியைப் போல 6 மடங்கு மதிப்பு என்று கொள்வோம். அதில் ஒரு பக்கம் மொத்தம் 8 தளங்களைச் சுட்டுகிறது, அதில் நீங்களும் ஒன்று. 0.85 × 6 ÷ 8. விடை அதே 0.6375. ஐந்நூறும் ஒன்றும் சமம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். விற்பவர் என்ன முட்டாளா? தன்னுடைய 500 பக்கங்களையும் ஒன்றையொன்று சுட்ட வைத்துவிட்டால்? தாராளமாகச் செய்யலாம். பக்கத்துக்கு 99 சுட்டிகள் தன் பண்ணைக்குள்ளேயே, ஒரே ஒன்று மட்டும் வாடிக்கையாளருக்கு என்று அமைத்தால் ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பும் 0.15-இலிருந்து சுமார் 0.946-க்கு ஏறிவிடுகிறது. உங்களுக்கு வந்து சேருவது ஏறக்குறைய 4.02. ஆறு மடங்குக்கு மேல். வெளியிலிருந்து ஒரே ஒரு மனிதர்கூட மதிக்காத பக்கங்கள், தங்களுக்குள் முதுகு சொறிந்துகொண்டே இவ்வளவு மதிப்பை உண்டாக்கிவிடுகின்றன. சூத்திரத்துக்கு இதைத் தடுக்கத் தெரியாது. சுட்டிப் பண்ணை என்ற தொழிலே இந்த ஓட்டைக்குள்தான் வளர்ந்தது. கூகுள் வெறும் சூத்திரத்தோடு நிற்காமல் போலீஸ் வேலையும் பார்க்கத் தொடங்கியதற்கும் இதுதான் காரணம்.

அந்தப் போலீஸ் வேலையில் பெரிதாகப் பேசப்பட்டது 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடை மாட்டியது. உடை, படுக்கை விரிப்பு, பயணப் பெட்டி என்று எதைத் தேடினாலும் பல மாதங்களாக அந்தக் கடையே முதலில் வந்துகொண்டிருந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு நிபுணரை வைத்துத் தோண்டியபோது, உடைக்கும் படுக்கைக்கும் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கான சுட்டிகள் ஒளிந்திருந்தன. யார் போட்டது? எங்களுக்குத் தெரியாது, நாங்கள் சொல்லிச் செய்யவில்லை என்றது கடை. நாளிதழ் கூகுளிடம் விஷயத்தைக் கொண்டுபோனது. ஒரு புதன்கிழமை இரவு 7 மணிக்குச் சாம்சோனைட் கைப்பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, 9 மணிக்கு 71-ஆம் இடத்தில் இருந்தது. ஜே.சி. பென்னிக்குத் தெருத்தெருவாகக் கடை இருந்தது, தாங்கிக்கொண்டார்கள். வரும் விசாரிப்புகளில் பாதி கூகுள் வழியாக வருகிற சின்னப் பட்டறைக்கு 71-ஆம் இடம் என்றால் அது ஷட்டரை இறக்கிய மாதிரி.

அடுத்த வருடம், 2012 ஏப்ரலில், இந்தக் கண்காணிப்பைக் கூகுள் ஒரு நிரலிடமே ஒப்படைத்தது. பெங்குவின் என்று பெயர். முதல் சில வருடங்கள் அது தண்டிக்கும் நிரலாக இருந்தது. போலிச் சுட்டி வாங்கிய தளமே கீழே இறங்கும். 2016 செப்டம்பரில் வந்த பதிப்பிலிருந்து அணுகுமுறை மாறியது. பெரும்பாலும் அந்தச் சுட்டிகளை இல்லாததாகவே கருதிவிடுகிறது, அவ்வளவுதான். மோசடி அப்பட்டமாக இருந்தால் கூகுள் ஊழியர்களே கையால் போடும் தண்டனை இன்றும் உண்டு.

எனக்கு இந்த இரண்டாவது கட்டம்தான் வாங்குபவருக்கு அதிக ஆபத்தாகத் தெரிகிறது. தண்டனை என்றால் வலிக்கும், உடனே தெரியும். கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் எதுவுமே தெரியாது. பணம் கட்டுகிறீர்கள், மாதாமாதம் எக்செல் பட்டியல் வருகிறது, அதில் 500 முகவரிகள் இருக்கின்றன, தட்டினால் உங்கள் பெயரும் இருக்கிறது. கூகுளின் தராசில் அது பூஜ்யமா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த வியாபாரம் இன்னும் ஓடுகிறது.

பட்டியலில் ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே "டிஏ 50", "டிஏ 62" என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். டொமைன் அத்தாரிட்டி. இது கூகுளின் எண் அல்ல. மாஸ் என்ற தனியார் நிறுவனம் தானாகக் கணக்கிட்டு 100-க்கு மார்க் போடுவது. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு காலத்தில் கூகுளே 0 முதல் 10 வரை பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டியது. அதைப் பார்த்தே சுட்டிகளுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2016-இல் அதைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. காலியான இடத்தில் மற்ற நிறுவனங்களின் எண்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

நோஃபாலோ பற்றியும் ஒரு வார்த்தை. 2005-இல் தேடுபொறிகள் சேர்ந்து கொண்டுவந்த ஒரு குறி அது. "இந்தச் சுட்டி இருக்கிறது, ஆனால் என் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே" என்று தளம் தேடுபொறிக்குச் சொல்வது. விக்கிப்பீடியாவில் வெளியே போகும் சுட்டிகளுக்கும் பெரும்பாலான சமூக ஊடகச் சுட்டிகளுக்கும் இந்தக் குறி இருக்கும். 2019-இல் விளம்பரத்துக்கு "ஸ்பான்சர்ட்" என்றும், வாசகர்கள் எழுதுவதற்கு வேறொன்றும் சேர்ந்தன. இவற்றைக் கண்டிப்பான கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வோம் என்றது கூகுள். இந்தக் குறி உள்ள சுட்டி வீண் என்று நினைக்க வேண்டாம். அதைத் தட்டிக்கொண்டு வந்து கிரைண்டர் வாங்குகிறவர் குறியைப் பார்த்துவிட்டா வாங்குகிறார்?

சரி, வாங்க வேண்டாம். வேறு என்ன செய்வது? உறவினரின் அடுத்த கேள்வியும் அதுதான்: "நம்ம பட்டறைக்கு எவன் மாப்ளே சும்மா லிங்க் குடுப்பான்?"

இதற்குப் பதில் தொழிலைப் பொறுத்தது. நீங்கள் தெருமுனையில் சலூனோ மளிகையோ வைத்திருந்தால், உண்மையில் சுட்டியைப் பற்றி இவ்வளவு கவலையே தேவையில்லை. உள்ளூர்த் தேடலுக்குக் கூகுள் தானே சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. மூன்றாவதில்தான் சுட்டிக்கு ஒரு பங்கு, அதிலும் வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்கள் கூடவே இருக்கின்றன. தூரத்தை எந்த ஏஜென்சியும் விற்க முடியாது. கூகுள் மேப்பில் கடையின் பெயர், நேரம், தொலைபேசி எண், படங்கள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொழிலைக் கவனிக்கலாம்.

ஊர் தாண்டி விற்பவர்களுக்குத்தான் சுட்டி முக்கியம். கிரைண்டர் பட்டறை அந்த வகை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. திருநெல்வேலிக்காரரும் வாங்குவார், சிங்கப்பூர்க்காரரும் வாங்குவார். இப்படிப்பட்ட தொழிலுக்கு ஏற்கெனவே எத்தனை உறவுகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மோட்டார் கொடுப்பவர், கல் கொடுப்பவர், ஆறேழு ஊர்களில் டீலர்கள், தொழில் சங்கம், கொடிசியா அரங்கில் ஸ்டால் போட்ட கண்காட்சிகள், வருடா வருடம் பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பும் பாலிடெக்னிக், ஒருமுறை படத்தோடு செய்தி போட்ட உள்ளூர்ப் பத்திரிகை, வெளிநாட்டில் இவருடைய சரக்கை விற்கும் இரண்டு மளிகைக் கடைகள், மாவு அரைப்பதைப் பற்றி எழுதும்போது இவர் கிரைண்டரின் பெயரைச் சொன்ன சமையல் வலைப்பதிவர்கள்.

இந்தப் பட்டியலில் பாதிப் பேருக்குச் சொந்தத் தளம் இருக்கிறது. அதில் சிலவற்றில் பட்டறையின் பெயரும் இருக்கிறது. சுட்டி மட்டும் இல்லை, அல்லது மூன்று வருடத்துக்கு முன்பு மாற்றிய பழைய முகவரியைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. உழைத்துச் சம்பாதித்துவிட்டு வசூலிக்காமல் விட்ட பணம் மாதிரிதான் இது. வசூலிக்கப் பெரிய கலை எதுவும் வேண்டாம், ஒரு போன் போதும். "அண்ணே, உங்க வெப்சைட்ல நம்ம பேரு இருக்கு, அதுல நம்ம தளத்தோட முகவரியையும் சேத்துவிட்டுருங்க. புதுப் படமும் விலைப்பட்டியலும் நானே அனுப்பறேன்." டீலருக்கு மறுக்கக் காரணமே இல்லை, அவர் தளத்துக்கும் அது நல்லது. முன்பின் தெரியாத நூறு பேருக்கு ஒரே அச்சு மின்னஞ்சல் அனுப்புவதைவிட, தெரிந்த பத்துப் பேருக்குப் போன் செய்வதில் பலன் நிச்சயம்.

ஒரு எச்சரிக்கை. சமையல் பதிவர்களுக்கும் யூடியூபர்களுக்கும் ஒரு கிரைண்டரை இலவசமாக அனுப்பி, பதிலுக்குச் சுட்டி கேட்பது இன்று சகஜம். கூகுளின் விதிப்படி பொருளைக் கொடுத்துச் சுட்டி பெறுவதும் விலைக்கு வாங்குவதுதான். அனுப்புங்கள், தப்பில்லை, "ஸ்பான்சர்ட்" குறியோடு போடச் சொல்லுங்கள், இலவசமாக வந்தது என்று வாசகருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

உறவுகளை வசூலித்து முடித்தபிறகு மிஞ்சுவது ஒரு வழிதான்: முன்பின் தெரியாதவர்களும் தாங்களாகவே சுட்டும்படி ஏதாவது ஒன்று உங்கள் தளத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "கிரைண்டரின் பத்து நன்மைகள்" என்று யாரையாவது விட்டு எழுத வாங்கிப் போடுகிறார்கள். அதை எழுதியவரே இன்னொருமுறை படிக்கமாட்டார், மற்றவர் ஏன் சுட்டப்போகிறார்?

பட்டறைக்காரருக்கு மட்டும் தெரிந்த விஷயம் எது என்று தேட வேண்டும். நான் அவரிடம் கேட்டேன், "கஸ்டமர் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி என்ன?" யோசிக்கவே இல்லை: "அமெரிக்காவுக்குக் கொண்டுபோலாமான்னு கேப்பாங்க." என்ன பதில் சொல்வீர்கள் என்றால், அவர் கால் மணி நேரம் பேசினார். அங்கே 120 வோல்ட், நம்முடையது 230. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வோல்டேஜை ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஃபிரீக்வன்சியை மாற்றாது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஃபிரீக்வன்சியோடு போகிறது, ஆகவே இங்கே நிமிடத்துக்கு 1500 சுற்றை ஒட்டி ஓட வேண்டிய நான்கு துருவ மோட்டார் அங்கே 1800-ஐ ஒட்டி ஓடப் பார்க்கும். ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகம். கல்லும் அதே விகிதத்தில் வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். அதே 230 வோல்ட்டில் ஃபிரீக்வன்சி மட்டும் ஏறியதால் மோட்டாரின் இழுவிசை வேறு குறையும். சிங்கப்பூர், இங்கிலாந்து என்றால் இந்தத் தலைவலி இல்லை, பிளக் மட்டும் மாற்றினால் போதும். சவுதி இரண்டும்கெட்டான்: வோல்டேஜ் நம்முடையதேதான், ஃபிரீக்வன்சி 60.

இதை அப்படியே ஒரு பக்கமாக, நாடு வாரியாக ஒரு அட்டவணையோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் போடச் சொன்னேன். மகளுக்கு நியூஜெர்சிக்குச் சீர் அனுப்புகிற அம்மாவுக்கு வேண்டிய தகவல் இது. வெளிநாட்டுத் தமிழர் குழுக்களில் வருடா வருடம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வியும்கூட. பதில் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய அலுத்துப்போய், "இதைப் படிங்க" என்று ஒரு முகவரியை ஒட்டுவார். அந்த முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். சுட்டி இயல்பாகப் பிறப்பது இப்படித்தான். உங்கள் தொழில் கிரைண்டர் இல்லாமல் இருக்கலாம். எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும், ரிசப்ஷனில் போன் எடுப்பவரைக் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்பீர்கள். அங்கே பகிரப்படும் சுட்டியைத் தேடுபொறி பார்ப்பதில்லை, கணக்கில் ஏறாது. ஆனால் குழுவில் படித்த நூறு பேரில் ஒருவர் வலைப்பதிவரோ பத்திரிகைக்காரரோ இருந்தால் அவர் வழியாக வெளியே வரும். அதற்கு அந்தத் தகவல் உங்கள் தளத்தில் ஒரு பக்கமாக இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் மட்டும் போட்டுவிட்டால் சுட்டுவதற்கு முகவரியே இல்லாமல் போகிறது.

இந்த எல்லா வேலைக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன், மன்னிக்கவும். உங்கள் தளத்தின் பெயர், அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வெப்சைட் செய்துகொடுத்த பையன் தன் மின்னஞ்சலில், தன் கார்டில் பதிவு செய்திருப்பான், நமக்குக் கடவுச்சொல்கூடத் தெரியாது. இது நிறையக் கடைகளில் நடப்பது. சுட்டிகள் எல்லாம் சேர்வது அந்தப் பெயரில்தான். அவன் வேறு வேலைக்குப் போய்ப் புதுப்பிக்க மறந்துவிட்டால் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். காலாவதியான பெயர்களை, அவற்றுக்குப் பழைய சுட்டிகள் இருப்பதாலேயே, வாங்கிச் சூதாட்டப் பக்கங்கள் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தன் விதிகளில் தனியாகப் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டியிருந்தது. தடை இருந்தாலும் உங்கள் பெயர் போனது போனதுதான். பதிவு நிறுவனத்தின் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள்.

கூடவே கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். அதில் "சுட்டிகள்" என்ற பகுதியில் உங்களை யார் யார் சுட்டுகிறார்கள் என்று தெரியும். அறிமுகமில்லாத குப்பைத் தளங்கள் சில கண்டிப்பாக இருக்கும். அதைக் காட்டி "உங்களுக்கு டாக்சிக் லிங்க் இருக்கு, எடுத்துத் தர்றோம்" என்று இரண்டாவது ரக அழைப்பு ஒன்று வரும். எடுக்க வேண்டாம். சுட்டிகளை நிராகரிக்கும் கருவி ஒன்று உண்டு, ஆனால் பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நீங்களே முன்பு காசு கொடுத்து வாங்கிய சுட்டிகளுக்காகத் தண்டனை அறிவிப்பு வந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். அதே கன்சோலில் காணாமல் போன பக்கங்களின் பட்டியலும் கிடைக்கும். தளத்தைப் புதுப்பித்தபோது முகவரி மாறிய பழைய பக்கங்கள் அதில் இருந்தால், ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். 301 என்று சொன்னால் வெப்சைட் செய்பவருக்குப் புரியும், அரை நாள் வேலை.